குடல் தூய்மையும் வயதின் வேறுபாடும்



காய்ச்சல் கண்டால் அண்டை வீட்டாரிடம் சொல்கிறோம். பல்வலி வந்தால் ஊரறியப் புலம்புகிறோம். ஆனால் மலத்தோடு குருதி போனால் மட்டும், கட்டிய மனைவியிடமும் பெற்ற பிள்ளையிடமும் மறைத்து வைக்கிறோம். மூலம் என்று நாமே பெயர் சூட்டி, நாமே மருந்தும் முடிவு செய்து, மாதங்களைக் கடத்துகிறோம். இவ்வாறு நாணத்தால் மூடி வைக்கப்பட்ட பொருள் ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுத முற்பட்டுள்ளோம். பங்குக் குரு எழுதத் தக்க பொருளா இது என்று சிலர் கேட்கலாம். நோயாளர் படுக்கையருகே அமர்வதும் குருவின் பணியே அன்றோ? அங்கே நம் செவியில் விழுபவற்றுள் பாதி இத்தகைய செய்திகளே.

கடந்த ஓராண்டில் மணமேல்குடியில் நாம் அறிய மூவர் பெருங்குடல் உள்நோக்குச் சோதனைக்கு உட்பட்டனர். கொலனோஸ்கோபி என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே. ஒருவன் 28 வயது வாலிபன்; கடல் தொழில் செய்பவன். மற்றொருவர் 78 வயது மூதாட்டி. இடைப்பட்ட வயதினர் வேறு யாருமல்லர். 56 வயதினராகிய நாமே. மூவருக்கும் ஒரே சோதனை. குடலைக் கழுவ ஒரே தூள். கையில் கொடுக்கப்பட்ட அச்சுத் தாளும் ஒன்றே. ஆனால் சோதனைக்கு முந்திய இரவு மூவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. அந்த வேறுபாட்டை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சோதனை யாதெனக் காண்போம். நம் பெருங்குடல் ஏறத்தாழ 5 அடி நீளமுள்ளது. விரற்பருமனுள்ள, வளைந்து கொடுக்கும் குழாய் ஒன்றை ஆசனவாய் வழியே செலுத்தி, அதன் நுனியிலுள்ள விளக்கும் நுண்ணிய காமிராவும் காட்டும் காட்சியை மருத்துவர் திரையில் காண்கிறார். குடற்சுவரில் சிலருக்குச் சிறு சதை மொட்டுகள் முளைப்பதுண்டு. பாலிப் என்பது அவற்றின் பெயர். பெரும்பாலானவை தீங்கற்றவை, சில மட்டும் பல்லாண்டுகள் மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறுகின்றன. அவற்றை முன்கூட்டியே கண்டு, அதே குழாயின் வழியே கம்பிச் சுருக்கிட்டு அறுத்து எடுத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்காமல் இவ்வாறு மொட்டுகளை அகற்றும் முறையை 1969ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் மருத்துவர் இருவர் நிலைநாட்டினர். 1985 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகனுக்கு இச்சோதனையில் பெரியதொரு கட்டி தென்பட்டது. மறுநாளே அறுவை செய்து அதனை அகற்றினர். அது புற்றுநோயாகவே இருந்தது. அப்போது அவருக்கு வயது 74. அதன்பின் 19 ஆண்டுகள் வாழ்ந்து, 2004இல்தான் அவர் மறைந்தார்.

இச்சோதனையின் பயன் மருத்துவரின் கைத்திறனை மட்டும் பொறுத்ததன்று. கலங்கிய ஊருணியின் அடியில் கிடக்கும் நாணயத்தை எத்துணைக் கூரிய கண்ணும் காண இயலாது. குடலில் மலம் படிந்திருப்பின் மொட்டு மறைந்துவிடும். சிறப்பாக, வலப்புறக் குடலில் தட்டையாகப் படிந்து வளரும் மொட்டுகள் எளிதில் கண்ணுக்குத் தப்புகின்றன. மேலைநாட்டுக் கணக்குகளிலேயே நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவருக்குக் குடல் போதிய அளவு தூய்மையாவதில்லை எனக் கூறப்படுகிறது. அத்தகையோர் மீண்டும் பட்டினி கிடந்து, மீண்டும் பணம் செலவிட்டு வரவேண்டியவராகின்றனர். ஆகவே சோதனையில் பாதி மருத்துவமனையிலும், மறுபாதி முந்திய இரவில் நம் வீட்டிலும் நடைபெறுகிறது எனலாம்.

குடலைக் கழுவுதல் தமிழருக்குப் புதிதன்று. நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பேதி மருந்து உண்பது சித்த மருத்துவ நெறி. விடுமுறை நாளின் விடியலில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு பாட்டிமார் நம்மைத் துரத்தியதை ஐம்பது வயது கடந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். மேலைநாட்டு மருத்துவரும் தொடக்கத்தில் அவ்வழியையே பின்பற்றினர்: சில நாள் நீருணவு, விளக்கெண்ணெய் போன்ற பேதி மருந்து, அதன்மேல் எனிமா. இதனால் நோயாளி சோர்ந்தார். குடலோ முழுமையாகத் தூய்மையாகவில்லை.

1980இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரைச் சேர்ந்த ஜான் ஃபோர்ட்ரான் என்பாரும் அவர்தம் துணைவரும் புதியதொரு கரைசலை வெளியிட்டனர். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் தூளும் அளவறிந்து சேர்த்த உப்புகளும் கலந்த நீர் அது. அத்தூள் உடலில் ஏறக்குறைய ஏறுவதே இல்லை. நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு குடலின் வழியே ஓடி வெளியேறுகிறது. உப்புகள் சமநிலையில் இருப்பதால் உடலின் நீரை அது பெரிதும் இழுப்பதுமில்லை. உடலுக்குள் நீரைச் சேர்ப்பதுமில்லை. பேதி மருந்து குடலை விரட்டுகிறது. இக்கரைசல் குடலைக் கழுவுகிறது. இன்றும் உலகெங்கும் பெரிதும் வழங்குவது இதன் வழிவந்த தூள்களே. அந்நாளில் 4 லிட்டர் குடிக்க வேண்டியிருந்தது; இப்பொழுது 2 லிட்டர் அளவிலும் கிடைக்கின்றன.

இடையில் வேறு மருந்துகளும் வந்தன. மானிட்டால் என்னும் சர்க்கரையினம் குடலில் நொதித்து எரிவாயுவை உண்டாக்குவதால், மின்கம்பியால் மொட்டை அறுக்கும்போது குடல் வெடித்து நோயாளி உயிரிழந்த செய்தி 1979இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. சோடியம் பாஸ்பேட் நீர் குடிப்பதற்கு அளவிற் சிறியது. ஆதலால் பலரும் அதனை விரும்பினர். ஆனால் அது சிலருடைய சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. முதியோரும், சிறுநீரக நோயுற்றோரும், நீர் பிரிய மாத்திரை உண்போரும், சிலவகை இரத்த அழுத்த மாத்திரை உண்போரும் அதனால் மிகுந்த இடருக்கு உள்ளாவர் என அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2008இல் கடுமையாக எச்சரித்தது. வாலிபனுக்கு இசைந்தது முதியவருக்கு இசையாது என்னும் பாடத்தை மருத்துவ உலகமே இவ்வாறு விலை கொடுத்துக் கற்றது.

இனி மூவர் கழித்த இரவுகளைப் பார்ப்போம்.

வாலிபனுக்குச் சில மாதங்களாகக் குருதிப் போக்கு இருந்தது. மூலம் என்றே எண்ணியிருந்தான். உடல் உரமானது, 2 லிட்டர் நீர் அவனுக்கு ஒரு பொருட்டன்று. அவனுக்கு இடையூறாக அமைந்தது அலட்சியமே. முதல்நாள் பிற்பகல் வரை படகில் வேலை செய்தான், திரும்பும் வழியில் பரோட்டாவும் கடலைக் குருமாவும் உண்டான், தாளைப் படிக்கவேயில்லை. மாலையில் பாதித் தூளைக் கரைத்து ஒரே மூச்சில் குடித்ததால் குமட்டி, ஒரு பங்கை வாந்தி எடுத்தான். “நாலு தடவை தண்ணியாப் போச்சு சாமி, இனி எதுக்கு மீதின்னு விட்டுட்டேன்” என்று பின்னர் நம்மிடம் கூறினான். மறுநாள் இடப்பக்கக் குடல் மட்டுமே மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்தது, வலப்பக்கம் சேறாயிருந்தது. பத்து நாள் கழித்து மறுபடியும் சென்றான். இம்முறை அவன் மனைவி தாளைச் சுவரில் ஒட்டி வைத்து, மணி பார்த்துக் கொடுத்தாள். குடலில் நெடுந்தொலைவு அழற்சிப் புண் படர்ந்திருந்தது தெரியவந்தது. இன்று மருந்துண்டு நலமாய்க் கடலுக்குச் செல்கிறான்.

மீதித் தூளை ஏன் குடிக்க வேண்டும் என்னும் அவன் வினாவுக்கு விடை உண்டு. மாலையில் குடல் கழுவப்பட்டாலும், இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த நீர் இறங்கி வலப்பக்கக் குடலில் படிந்துகொண்டே இருக்கிறது. ஆகவேதான் இக்காலத்தில் மருந்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியை முன்மாலையிலும், மறுபாதியைச் சோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்திற்கு முன்னரும் தொடங்கச் சொல்கின்றனர். சோதனைக்கு 2 மணி நேரத்திற்கு முன் குடித்து முடித்துவிட வேண்டும். இளமை நோய்க்கு அரண் என்று எண்ணுவதும் தவறு. திரைப்பட நடிகர் சாட்விக் போஸ்மன் 2020இல் பெருங்குடல் புற்றுநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 43. நோய்க்குறி இல்லாதோரும் 50 வயதில் சோதனை செய்துகொள்ளலாம் என்றிருந்த வரம்பை அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் 2018இல் 45 ஆகக் குறைத்தது. நம் நாட்டில் இந்நோய் மேலைநாடுகளைவிடக் குறைவே. ஆனால் குருதிப் போக்கு என்னும் அறிகுறி தோன்றியபின் வயதைக் காட்டித் தள்ளிப்போடுதல் எந்நாட்டிலும் தகாது.

அடுத்து நம்முடைய இரவு. நாம் நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். உணவு நின்றபின் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கினால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். எம்மாத்திரையை எந்நாள் நிறுத்துவது, எதனைக் குறைப்பது என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டு எழுதி வாங்கியிருந்தோம். அவ்வாறிருந்தும் நள்ளிரவுக்குப்பின் கை நடுங்கி வியர்த்தது. வடிகட்டிய எலுமிச்சை நீரில் சர்க்கரை கரைத்துக் குடித்தபின் தெளிந்தது. இன்சுலின் போடுவோர் இதில் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

நடுவயதினருக்கு மற்றொரு தொல்லை, பயணம். மணமேல்குடியிலிருந்து இச்சோதனைக்குப் புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, திருச்சி போன்ற நகர்களுள் ஒன்றுக்கே செல்ல வேண்டும். புதுக்கோட்டையே 60 கிலோமீட்டருக்கும் அப்பால். விடியற்காலை 4 மணிக்கு இரண்டாம் பாதியைக் குடித்தவர் 6 மணிப் பேருந்தில் எவ்வாறு ஏறுவார்? வழியில் இறங்கக் கழிப்பறை ஏது? இவ்வச்சத்தாலேயே நம் ஊரார் பலர் காலை மருந்தை விட்டுவிட்டுப் பேருந்தேறுகின்றனர். தூய்மையற்ற குடலோடு திரும்புகின்றனர். நாம் முதல்நாளே நகருக்குச் சென்று, உடன்குரு ஒருவரின் இல்லத்தில் தங்கினோம். உறவினர் வீடு நகரில் இருந்தால் நம் மக்களும் அவ்வாறு செய்யலாம், இல்லையேல், “நாங்கள் தொலைவிலிருந்து வருகிறோம், பிற்பகலில் நேரம் தாருங்கள்” என்று கேட்டுப் பெறலாம். கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

நமது சோதனை அறிக்கையில் தூய்மைக்கு 9க்கு 8 என்று குறித்திருந்தனர். பாஸ்டன் நகரில் வகுத்து 2009இல் வெளியிட்ட அளவுகோல் இது. வலக்குடல், குறுக்குக்குடல், இடக்குடல் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுகின்றனர். ஒவ்வொரு பகுதியும் 2 பெற்றாலே சோதனை நம்பத்தக்கது. உங்கள் அறிக்கையிலும் இவ்வெண் உண்டா என்று கேளுங்கள். “ஒன்றுமில்லை” என்னும் முடிவின் மதிப்பு இவ்வெண்ணைப் பொறுத்தது.

மூன்றாவது இரவு மூதாட்டியுடையது. அதுவே நம்மை எழுதத் தூண்டிற்று. அவருக்கு இரத்தச் சோகை மிகுந்து, மலம் கறுத்துப் போயிருந்தது. பல்லாண்டு மலச்சிக்கல், நடமாட்டம் குறைவு, இதயத்திற்காக நீர் பிரியும் மாத்திரை, சோகைக்காக இரும்புச் சத்து மாத்திரை. இவற்றுள் ஒன்றையும் அச்சுத்தாள் அறியாது. 28 வயது மீனவனுக்குக் கொடுத்த அதே தாள் அவர் கையிலும் இருந்தது. எழுத்தும் பொடி எழுத்து; அவருக்கோ கண்புரை. மகன் மாலையில் தூளைக் கரைத்து வைத்துவிட்டு உறங்கச் சென்றுவிட்டார். வீட்டின் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தது. இரவு பத்து முறைக்கு மேல் தனியே சென்று வந்த அம்மூதாட்டி, பின்னிரவில் தலைசுற்றி ஈரத்தரையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கிற்று. எழுப்பியிருக்கலாமே என்று மகன் கேட்டபோது, “இதுக்குப் போயி ஆம்பளப் புள்ளய எழுப்புறதா?” என்றாராம். இத்தனைக்குப் பின்னும் குடல் தூய்மையாகவில்லை, திருப்பி அனுப்பிவிட்டனர்.

நாம் பார்க்கச் சென்றபோது, “சாமி, இனி நான் போக மாட்டேன். வந்தது வரட்டும்” என்றார். அவரை வற்புறுத்த நமக்கு மனம் வரவில்லை. முதியோர் எல்லாருக்கும் இச்சோதனை தேவையென்று மருத்துவரே கூறுவதில்லை. நோய்க்குறி ஏதுமில்லாதவரை 75 வயதுக்குப்பின் அவரவர் உடல்நிலை நோக்கியே சோதிக்கலாம் என்றும், 85க்குப்பின் வேண்டுவதில்லை என்றும் அமெரிக்க வல்லுநர் குழு 2021இல் அறிவுரைத்தது. ஆனால் இவருக்கோ குருதி இழப்பு இருந்தது. ஆகவே மகனையும் மருமகளையும் மற்றொரு மருத்துவரிடம் அனுப்பி, முழு நிலைமையையும் சொல்லச் சொன்னோம்.

அம்மருத்துவர் தாள் எதையும் நீட்டவில்லை, வினாக்களைக் கேட்டார். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்னரே நிறுத்தினார். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடற்சுவரில் ஒட்டச் செய்யுமாம். நீர் பிரியும் மாத்திரையை எப்போது விடுவது என்று குறித்துக் கொடுத்தார். மலச்சிக்கலுக்குச் சில நாள் முன்பே இளகு மருந்து தொடங்கினார். சக்கையற்ற உணவை மூன்று நாள் உண்ணச் செய்தார். இரத்தத்தில் உப்பின் அளவையும் சிறுநீரகத்தையும் சோதித்து, முதல்நாளே மருத்துவமனையில் படுக்க வைத்தார். வாலிபன் கால்மணிக்கு ஒரு குவளை குடித்ததை அம்மூதாட்டி அரைமணிக்கு ஒரு குவளையாகக் குடித்தார். கட்டிலருகே மலம் கழிக்கும் நாற்காலி, அணையாத விளக்கு, பக்கத்தில் மருமகள். “அத்தை, இன்னும் ரெண்டு வாய்” என்று விடியும் வரை அவள் விழித்திருந்தாள். மறுநாள் வலப்பக்கக் குடலில் வேர்க்கடலையளவு மொட்டு ஒன்று குருதி கசிந்தபடி காணப்பட்டது. அந்த அமர்விலேயே அறுத்து எடுத்தனர். முதல் முறை அது இருந்த இடத்தில் மருத்துவர் கண்டது வெறும் சேறே.

மூவரின் பட்டறிவிலிருந்து நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கவை சில உண்டு. சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்னரே கீரை, அவரை, கத்தரி, தக்காளி, கொய்யா, வேர்க்கடலை, எள், கேழ்வரகு முதலியவற்றை விலக்குங்கள். பச்சரிசிச் சோறு, இட்லி, இடியாப்பம், முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவை போதும். முதல்நாள் மருத்துவர் குறித்த நேரத்திற்குப்பின் தெளிநீர் மட்டுமே: வடிகட்டிய ரசம், எலுமிச்சை நீர், பால் கலவாத தேநீர், இளநீர். சிறுநீரக நோயுற்றோர் இளநீரைக் கேட்டே பருக வேண்டும். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் குடலில் குருதிபோல் தோன்றுமாதலால் வேண்டா. குருதி உறையாதிருக்க மாத்திரை உண்போர் தாமாக நிறுத்தாது மருத்துவரைக் கேட்க வேண்டும். வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீரானால் குடல் தூய்மையாயிற்று எனலாம். ஆயினும் குறித்த அளவைக் குறைத்தல் கூடாது. வாந்தி நில்லாவிடினும், வயிறு உப்பி ஒன்றும் வெளியேறாவிடினும், கடும் வயிற்றுவலியோ மயக்கமோ மனக்குழப்பமோ கண்டாலும், மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இங்கு ஒரு சொல் சேர்க்க விரும்புகிறோம். தவக்காலத்தில் நோன்பிருந்து பழகிய நம் முதியோர் சிலர், உணவை நிறுத்தச் சொன்னால் நீரையும் நிறுத்திவிடுகின்றனர். இது நோன்பன்று. வயிற்றுக்கு உணவில்லாத நாளே தவிர, நீரில்லாத நாளன்று. நீர் குன்றினால் முதியவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். வெறும் தண்ணீரையே குடங்குடமாகக் குடித்தாலும் உடலின் உப்பு குறைந்து மனம் குழம்பும். உப்பிட்ட ரசமும் இளநீரும் எலுமிச்சை நீரும் மாறி மாறிப் பருகுதல் நலம்.

மருத்துவமனைகளை நடத்துவோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. தாள் கொடுக்கும் முன் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: வயது என்ன? என்னென்ன மாத்திரைகள் உண்கிறீர்? எவ்வூரிலிருந்து வருகிறீர்? இரவில் துணை யார்? இவற்றுக்கு விடை தெரிந்தால், 28 வயதினனுக்கும் 78 வயதினருக்கும் ஒரே தாளை நீட்ட உங்கள் கையே கூசும்.

பிள்ளைகளிடம் வேண்டுவதும் உண்டு. வயது முதிர்ந்த தாய் தந்தையர் இதற்காக உங்களை எழுப்ப மாட்டார்கள். நாணம் அவர்களைத் தடுக்கும். நீங்கள் சிறு குழந்தையாய் இருந்த நாளில் எத்தனை இரவுகள் உங்களைத் துடைத்துக் கழுவித் தோளில் இட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்காக ஓர் இரவு விழித்திருங்கள். கழிப்பறை வழியில் விளக்கை ஏற்றி, தரையைத் துடைத்து, குவளையை நிரப்பிக் கையில் கொடுங்கள். மருத்துவரின் குழாய் தன் வேலையைச் செய்வதற்கு வேண்டிய மறுபாதி அந்த இரவில் உங்கள் கையில் இருக்கிறது.